ஃபைலுக்கும் சொந்த ஊர் உண்டு!

2011-ம் வருஷம் அக்டோபர் மாதம், மாதவரம் சென்னைக்குக் குடிவந்தது. ஒரு செங்கல்கூட நகரவில்லை. பால் பண்ணை அதே இடத்தில் இருந்தது. ஜி.என்.டி. ரோட்டில் லாரிகள் அதே மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. ஆனால், அதுவரை தனி நகராட்சியாக இருந்த ஊர், ராத்திரியோடு ராத்திரியாக சென்னை மாநகராட்சியின் 3-வது மண்டலம் ஆகிவிட்டது.

'இனிமே நாமளும் சென்னைக்காரன்' என்று சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருந்தது. குப்பை அள்ள, சொத்து வரி கட்ட சென்னை மாநகராட்சி. ஆனால் வருவாய்த் துறை சமாசாரம் என்றால் திருவள்ளூர் மாவட்டம். கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ரிப்பன் மாளிகை பக்கம் திரும்பாமல் திருவள்ளூருக்குப் போக வேண்டும். 2018-ல்தான் மாவட்ட எல்லையையும் மாற்றி, மாதவரத்தை சென்னை மாவட்டத்தில் சேர்த்தார்கள். நடுவில் ஆறு வருஷத்துக்கு மேல், வீடு மாறியும் ரேஷன் கார்டு மாறாத குடித்தனக்காரர் நிலைமைதான்.

இதே கூத்து, நீங்கள் தினமும் தட்டிக்கொண்டிருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளும் நடக்கிறது. ஒரு ஃபைலை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்கு இழுத்துப் போடுகிறீர்கள். ஃபைல் இடம் மாறிவிட்டது. ஆனால், அதை யார் யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் அழிக்கலாம் என்கிற அதிகாரம்? அது புது வீட்டு அதிகாரமா, பழைய வீட்டு அதிகாரமா?

'அதெல்லாம் சிஸ்டம் ஆளு பார்த்துப்பான்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால் ஒரு பையனின் வேலை போக இருந்தது. அதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் குடும்பச் சொத்து சட்டம்!

*

கம்ப்யூட்டரில் ஃபோல்டர் என்பது ஒரு குடும்பம். அப்பா ஃபோல்டர், அதற்குள் பிள்ளை ஃபோல்டர், அதற்குள் பேரன் ஃபைல். இந்த வம்சாவளியில் ஒவ்வொருவருக்கும் 'யாருக்கு என்ன பர்மிஷன்' என்று ஒரு பட்டியல் உண்டு. அக்கவுன்ட்ஸ் ஆட்கள் எழுதலாம், டெஸ்பாட்ச் ஆட்கள் பார்க்க மட்டும் செய்யலாம், மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்கிற மாதிரி.

ஒரு ஆபீஸில் ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் பிறக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால், அப்பா ஃபோல்டரின் பட்டியலைப் பிள்ளைக்கு அப்படியே கொடுத்துவிடு என்று ஓர் ஏற்பாடு. இங்கிலீஷில் இன்ஹெரிட்டன்ஸ் என்பார்கள். நம் வக்கீல்கள் பாஷையில் பிதுரார்ஜிதம். அப்பா வழியில் வந்தது.

சில ஃபைல்களுக்கு மட்டும் நாமே கையால் தனியாக பர்மிஷன் எழுதுவோம். அது சுயார்ஜிதம். தானாகச் சம்பாதித்தது. விண்டோஸில் இரண்டும் மோதினால் சுயார்ஜிதத்தைத்தான் முதலில் பார்க்கும். 'இவனை விடாதே' என்று அப்பா ஃபோல்டர் சொல்லியிருந்தாலும், 'இவனை விடு' என்று ஃபைலிலேயே நேரடியாக எழுதியிருந்தால் அவன் உள்ளே போய்விடுவான். அப்பா பேச்சைப் பிள்ளை கேட்காத கதைதான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. 'எனக்கு அப்பா சொத்தே வேண்டாம்' என்று ஒரு பிள்ளை ஃபோல்டர் தனியாகப் போய்விடலாம். அதாவது பாகப்பிரிவினை. அப்போது விண்டோஸ் ஒரு பெரிய மனுஷன் மாதிரி கேட்கும்: 'இதுவரை அப்பாவிடமிருந்து வந்ததை உன் பெயரில் எழுதிக்கொள்கிறாயா, அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறாயா?' அவசரத்தில் எதையோ க்ளிக் செய்துவிட்டு, பிறகு நம் ஃபோல்டருக்குள் நாமே போக முடியாமல் வாசலில் நிற்கிற ஆசாமிகள் எல்லா ஆபீஸிலும் உண்டு.

*

இப்போது அந்தப் பையன் கதை.

2006 வாக்கில் நடந்தது. மாதவரத்தில் கன்டெய்னர் லாரிகள் திரும்பும் ஒரு ரோட்டில், குடோனை ஒட்டிய ஓர் ஆபீஸ். பெயர் வேண்டாம். மேஜைக்கு மேஜை விண்டோஸ் எக்ஸ்பி, மூலையில் ஒரு சர்வர், அதன்மேல் ஒரு டேபிள் ஃபேன். என் நண்பன் ஒருவன் இந்த மாதிரி லாரி ஆபீஸ்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பவன். அன்றைக்கு என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டான். "ஏதோ எக்ஸெல் தகராறாம் மச்சி. நீ பி.காம். தானே, கூட வா!"

அங்கே போனால், தகராறு எக்ஸெல்லோடு நிற்கவில்லை. மேனேஜர் ரூமில் ஓர் இளைஞன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். டெஸ்பாட்ச் கிளார்க். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. மேஜைமேல் டைப் செய்து கையெழுத்துக்காகக் காத்திருக்கும் சஸ்பென்ஷன் மெமோ.

"பாஸ்வேர்டைத் திருடிட்டான் சார்" என்றார் மேனேஜர். "யார் யாருக்கு எவ்வளவு இன்க்ரிமென்ட்னு நான் போட்டு வெச்ச ஃபைலைத் திறந்து பார்த்துட்டான். மத்தியானத்துக்குள்ள ஆபீஸ் பூரா தெரிஞ்சு போச்சு. டிரைவருங்க வந்து சண்டைக்கு நிக்கிறாங்க!"

"நான் எந்தப் பாஸ்வேர்டும் திருடலை சார். க்ளிக் பண்ணேன், தொறந்துச்சு" என்றான் பையன். அழுகைக்கு அரை இன்ச் முன்னால் இருந்தது குரல்.

"பொய்! அந்த ஃபோல்டர் பூட்டியிருக்கு. இவன் சிஸ்டத்துலயே காட்டறேன், வாங்க."

காட்டினார். பையனுடைய மேஜையில், பையனுடைய லாகினில், மேனேஜரின் ஃபோல்டரை டபுள் க்ளிக் செய்தார். 'ஆக்ஸஸ் டினைட்' என்று வந்தது. மேனேஜர் கோர்ட்டில் சாட்சியை நிறுத்திய வக்கீல் போல எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

ஃபோல்டர் பூட்டியிருக்கிறது. ஆனால் உள்ளே இருந்த ஃபைலைப் பையன் பார்த்திருக்கிறான். அப்படியானால் சாவியைத் திருடியிருக்க வேண்டும். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

என் நண்பன் மட்டும் பையனிடம், "தம்பி, எங்க க்ளிக் பண்ணே? அப்படியே செஞ்சு காட்டு" என்றான்.

எல்லாரும் பார்க்கக்கூடிய பொது ஃபோல்டரில் மாதாந்திரச் செலவு எக்ஸெல் ஷீட் ஒன்று இருந்தது. டீசல், டோல், டயர், கடைசியில் மொத்தச் சம்பளம். டீசல் கணக்கை ஏற்றுவது பையனின் வேலை. மொத்தச் சம்பளம் என்ற கட்டத்தில் மேனேஜர் எண்ணை டைப் செய்யவில்லை. தன் இன்க்ரிமென்ட் ஷீட்டிலிருந்து அது தானாக வரும்படி இணைப்புக் கொடுத்திருந்தார். பையன் அந்த இணைப்பு எங்கே போகிறது என்று மெனுவில் பார்த்து, 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பட்டனை அழுத்தியிருக்கிறான். இப்போதும் அழுத்தினான்.

திறந்தது! பெயர்கள், சம்பளம், இன்க்ரிமென்ட். பையனின் பெயருக்கு எதிரே இருநூறு ரூபாய். மேனேஜர் பாய்ந்து வந்து மானிட்டரைக் கையால் மறைத்தார்.

"பூட்டின ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபைல் எப்படிய்யா திறக்கும்?"

நண்பன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "சார், இந்த ஃபைலை முதல்ல எங்க வெச்சுத் தயார் பண்ணீங்க?"

மேனேஜர் யோசித்தார். "பொது ஃபோல்டர்லதான் ஆரம்பிச்சேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல, யாரும் இல்லாதப்போ. முடிச்ச உடனே கட் பண்ணி என் ஃபோல்டர்ல பேஸ்ட் பண்ணிட்டேனே!"

"அங்கதான் சார் விஷயமே இருக்கு."

*

அந்த விஷயத்தைப் பார்ப்போம்.

விண்டோஸின் ஃபைல் முறையில் (என்.டி.எஃப்.எஸ். என்று பெயர், 1993-ல் விண்டோஸ் என்.டி.யோடு வந்தது) ஒரு ஃபைல், தான் பிறக்கும்போது எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அந்த ஃபோல்டரின் பர்மிஷனை வாங்கிக்கொள்கிறது. 'காப்பி' செய்தால், சேருமிடத்தில் புதிதாக ஒரு ஃபைல் பிறக்கிறது. அதனால் புது ஊர் பர்மிஷன் வரும். ஆனால் ஒரே டிரைவுக்குள் 'கட் - பேஸ்ட்' செய்தால் எதுவும் புதிதாகப் பிறப்பதில்லை. விலாசம் மட்டும்தான் மாறுகிறது. பர்மிஷன் பழைய ஊருடையதே. மாதவரம் சென்னைக்கு வந்தும் கலெக்டர் திருவள்ளூரில் இருந்தாரே, அதே கதை.

ஆக, மேனேஜரின் இன்க்ரிமென்ட் ஷீட், பூட்டிய அறைக்குள் போயும், 'என்னை எல்லாரும் பார்க்கலாம்' என்ற பொது ஃபோல்டர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தது.

சரி, வாசல் பூட்டியிருக்கிறதே, பையன் எப்படி உள்ளே போனான்? இது இரண்டாவது விஷயம். விண்டோஸில் வழக்கமான ஏற்பாட்டின்படி, ஒரு ஃபைலின் முழு விலாசம் தெரிந்து நேரே அதைக் கேட்டால், நடுவில் இருக்கும் ஃபோல்டர்களைக் கடந்துபோக யாரையும் தடுக்காது. ஃபோல்டரைத் திறந்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டால்தான் 'ஆக்ஸஸ் டினைட்'. வாட்ச்மேன், "உள்ள யார் யார் இருக்காங்கன்னு சொல்ல மாட்டேன்" என்பார். "மூணாவது மாடி, ஏழாம் நம்பர் ரூம்" என்று நேராகச் சொன்னால், போகவிட்டுவிடுவார். அப்புறம் அந்த ரூம் கதவு பூட்டியிருக்க வேண்டியது ரூம்காரர் பொறுப்பு. எக்ஸெல் இணைப்பு அந்த முழு விலாசத்தைப் பையன் கையில் கொடுத்துவிட்டது. ரூம் கதவோ திறந்தே இருந்தது.

நண்பன் செய்த ரிப்பேர் ஐந்து நிமிஷ வேலை. மேனேஜரின் ஃபோல்டருக்குப் போய், அதன் பர்மிஷனை உள்ளே இருக்கும் எல்லா ஃபைல்களுக்கும் மறுபடி புகட்டினான். பிறகு பையனை அதே பட்டனை அழுத்தச் சொன்னான். இந்தத் தடவை திறக்கவில்லை.

"பாஸ்வேர்டு திருடியிருந்தா இப்பவும் திறந்திருக்கணுமே சார்" என்றான்.

மேனேஜர் மெமோவை இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்தார். பையனின் வேலை தப்பியது. இன்க்ரிமென்ட் மட்டும் அதே இருநூறு ரூபாய்!

*

'பில் கேட்ஸ் கம்பெனி சரக்கே இப்படித்தான்' என்று லினக்ஸ் அபிமானிகள் சிரிக்க வேண்டாம். அங்கேயும் இதே சண்டை உண்டு. சொல்லப்போனால் அங்கேதான் சண்டை பழசு.

லினக்ஸுக்குத் தாத்தா யூனிக்ஸ். அமெரிக்காவில் பெல் லேப்ஸ் என்ற ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1969-ல் தொடங்கியது. அதில் பர்மிஷன் விஷயம் ரொம்பச் சிக்கனம். சொந்தக்காரர், அவருடைய குழு, மற்றவர்கள் என்று மூன்றே ஜாதி. ஒவ்வொருவருக்கும் ஆர், டபிள்யூ, எக்ஸ் என்று மூன்றே எழுத்து. படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்.

ஃபைலுக்கு இது சரி. ஃபோல்டருக்கு? ஃபோல்டரை எப்படி 'இயக்குவது'? இங்கேதான் பாதிப்பேர் தடுக்கி விழுகிறார்கள். ஃபோல்டர் என்பது குடோன் வாசலில் இருக்கும் கேட் ரெஜிஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர் இருந்தால் ரெஜிஸ்டரைப் படிக்கலாம். எக்ஸ் இருந்தால் கேட்டைத் தாண்டி உள்ளே போகலாம். அதோடு டபிள்யூவும் இருந்தால் ரெஜிஸ்டரில் புதுப் பெயர் எழுதலாம், இருக்கிற பெயரை அடிக்கலாம். பெயரை அடிப்பது என்றால் என்ன? ஃபைலை அழிப்பது. அதாவது, ஒரு ஃபைலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை என்றாலும், அது இருக்கும் ஃபோல்டரில் எழுத அனுமதி இருந்தால் அந்த ஃபைலையே ஒழித்துக் கட்டலாம். மூட்டையைத் தொடக் கூடாது, ஆனால் ரெஜிஸ்டரில் அடித்து மூட்டையையே இல்லாமல் செய்யலாம்!

அடுத்த சண்டை, புதிதாகப் பிறக்கும் ஃபைல் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம் தயாரித்த யூனிக்ஸ், 'எந்த ஃபோல்டரில் பிறந்ததோ அந்த ஃபோல்டரின் குழு' என்றது. பெல் கம்பெனி வழியில் வந்த சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ், 'யார் பெற்றார்களோ அவர்களுடைய குழு' என்றது. ஒருத்தர் சொந்த ஊர் எது என்று கேட்டால், பிறந்த ஊரைச் சொல்வதா, அப்பாவின் ஊரைச் சொல்வதா என்று நாம் குழம்புகிறோமே, அதேதான். ராயபுரம் ஆஸ்பத்திரியில் பிறந்தவன், அப்பாவுக்குத் திருநெல்வேலி!

கடைசியில் ஒரு சமாதானம். ஃபோல்டரில் ஒரு விசேஷ அடையாளம் போட்டால் பெர்க்லி முறை, போடாவிட்டால் சிஸ்டம் ஃபைவ் முறை. இன்றைக்கும் லினக்ஸ் அப்படித்தான். 'செட் ஜிஐடி' என்பார்கள். இதைப் போடாத பொது ஃபோல்டரில் ஆளுக்கொரு குழுவாக ஃபைல்கள் பிறந்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த முடியாமல் ஆபீஸ் அல்லாடும். போட்டாலும் தொல்லை முழுசாகத் தீராது. யூமாஸ்க் என்று ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. ஃபைல் பிறக்கும்போதே, 'குழுவுக்கு எழுதும் உரிமை வேண்டாம்' என்று பல சிஸ்டங்களில் அது கத்தரித்துவிடும். குழு சரியாக இருக்கும், குழுவுக்கு உரிமை இருக்காது.

இதற்கும் மருந்து வந்தது. ஃபோல்டரில் 'டிஃபால்ட்' பட்டியல் என்று ஒன்றைத் தொங்கவிடலாம். பிரசவ வார்டில் போர்டு மாட்டுகிற மாதிரி: 'இங்கே பிறக்கும் எல்லாருக்கும் இன்னின்ன உரிமை.' இந்த போர்டு இருந்தால் யூமாஸ்க் கத்தரிக்கோல் வாயை மூடிக்கொள்ளும். இதை உலகப் பொது விதியாக்க போஸிக்ஸ் என்ற தரக் கமிட்டியில் பல வருஷம் பேசினார்கள். கடைசியில் 1998-ல் அந்த வரைவையே வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆனாலும் லினக்ஸ்காரர்கள் அந்த வரைவை விடவில்லை. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6-ல் அது இடம்பிடித்தது. கமிட்டி கைவிட்ட குழந்தை, நன்றாகவே வளர்ந்துவிட்டது.

லினக்ஸ் சர்வர், மேஜையில் விண்டோஸ் என்று கலப்பாக இருக்கும் ஆபீஸ்களில் நடுவில் ஒரு துபாஷ் தேவை. அதுதான் சாம்பா. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர் ஆஸ்திரேலியாவில் மாணவராக இருந்தபோது 1991-92 வாக்கில் ஆரம்பித்தது. இரண்டு ஊர் சட்டத்தையும் மொழிபெயர்க்க வேண்டியிருப்பதால், 'அப்பா ஃபோல்டரைப் பார்த்து பர்மிஷன் கொடு' என்பதற்கென்றே அதில் தனித்தனி ஸ்விட்சுகள் உண்டு. அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டு, 'சர்வர் சரியில்லை' என்று திட்டுவது நம் வழக்கம்.

நம்மூரிலும் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2007-ல் சென்னை சி-டாக் 'பாஸ்' என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கான லினக்ஸை வெளியிட்டது. அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. ஆர், டபிள்யூ, எக்ஸ் என்ற மூன்று எழுத்தும் அப்படித்தான் நம் சர்க்கார் மேஜைக்கு வந்தன.

*

இப்போது முக்கியமான இடம். டிஃபால்ட் போர்டை மாட்டிவிட்டு, 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று சிஸ்டம் ஆசாமி டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்தால் பழைய புகார் அப்படியே இருக்கும். ஏன்?

இதற்கு நம் சட்டப் புத்தகத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1989-ல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றார்கள். பிரமாதமான சட்டம். ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-ம் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது கிடையாது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு! 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தில்தான் கல்யாணம் ஆனது, ஆகாதது என்ற பேதம் போனது. அப்போதுகூட, 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறையாகப் பாகம் பிரித்திருந்தால் அதைத் தொடவில்லை.

லினக்ஸின் டிஃபால்ட் பட்டியல் நம் 1989 சட்டம் மாதிரி. இனிமேல் பிறக்கப் போகிறவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஃபைல்களை அது திரும்பிக்கூடப் பார்க்காது. விண்டோஸ் என்.டி.யும் ஆரம்பத்தில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. 2000-ம் வருஷம் பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000-ல் ஏற்பாட்டை மாற்றினார்கள். அப்பா ஃபோல்டரில் பட்டியலைத் திருத்தினால், ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் அந்த மாற்றம் தானாக இறங்கும். இது நம் 2005 சட்டம் மாதிரி. பாகம் பிரித்துக்கொண்டு போன ஃபோல்டரை மட்டும் தொடாது. அந்த விஷயத்தில்கூட சட்டத்தோடு ஒத்துப்போகிறது பாருங்கள்!

ஆகவே பர்மிஷன் ரிப்பேர் என்பது எப்போதும் இரண்டு வேலை. இனி பிறப்பவைக்கு ஒன்று. ஏற்கெனவே பிறந்தவைக்கு ஒன்று. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தவர்தான் மறுநாளும் திட்டு வாங்குகிறார்.

*

'இவ்வளவு சிரமம் எதற்கு?' என்று ஒரு குறுக்கு வழி ஊர் பூரா பிரபலம். பெயர் 777. ஆர் என்றால் 4, டபிள்யூ என்றால் 2, எக்ஸ் என்றால் 1. கூட்டினால் 7. சொந்தக்காரருக்கு ஏழு, குழுவுக்கு ஏழு, ஊர் உலகத்துக்கெல்லாம் ஏழு. கீழே வரைக்கும் எல்லா ஃபோல்டருக்கும் 777 அடித்துவிட்டால் அன்றைக்குப் புகார் நின்றுவிடும். கதவு திறக்கவில்லை என்று புகார் சொன்னவர் வீட்டில், கதவையே கழற்றிக்கொண்டு போன ஆசாரி வேலை இது. அதற்கப்புறம் யார் எதை அழித்தார்கள், யார் எதைத் திருத்தினார்கள் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. பழி வழக்கம்போல கடைசியாகச் சேர்ந்த பையன் தலையில் விழும்.

ஒழுங்கான ரிப்பேர் பேப்பரில் ஆரம்பிக்கிறது. எந்த ஃபோல்டர் யாருக்கு என்று முதலில் எழுதுங்கள். ஆள் பெயரில் எழுதாதீர்கள், குழு பெயரில் எழுதுங்கள். 'அக்கவுன்ட்ஸ்', 'டெஸ்பாட்ச்' என்று. ஆள் மாறுவார், நாற்காலி மாறாது. பிறகு மேலிருந்து கீழே வாருங்கள். உச்சி ஃபோல்டரைச் சரி செய்து, அது கீழே இறங்கட்டும். கீழே ஒவ்வொரு ஃபைலாகத் திருத்திக்கொண்டிருப்பது, ஓட்டை டேங்கை விட்டுவிட்டு பக்கெட் பக்கெட்டாகத் துடைப்பது. பாகம் பிரிந்துபோன ஃபோல்டர்கள் எவை என்று தேடிப் பிடித்து, ஏன் பிரிந்தன என்று கேளுங்கள். சிலவற்றுக்கு நியாயமான காரணம் இருக்கும். லினக்ஸ் என்றால், பழைய ஃபைல்களை மொத்தமாகத் திருத்தும்போது சின்ன எக்ஸுக்குப் பதில் பெரிய எக்ஸ் போடுங்கள். ஃபோல்டர்களைக் கடந்து போகும் உரிமை கிடைக்கும், சாதாரணக் கணக்கு ஃபைலெல்லாம் ப்ரோக்ராம் ஆகிவிடாது.

கடைசியில் சோதிக்கும்போது அட்மினிஸ்ட்ரேட்டர் லாகினில் சோதிக்காதீர்கள். மாப்பிள்ளைக்கு எல்லாக் கதவும் திறக்கும். சாதாரண டெஸ்பாட்ச் கிளார்க் லாகினில் உட்கார்ந்து பாருங்கள். திறக்க வேண்டியது திறக்கிறதா என்பதோடு, திறக்கக் கூடாதது திறக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவதை யாரும் சோதிப்பதில்லை. ஏனென்றால், திறக்கிற கதவைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை!

நீங்கள் சிஸ்டம் ஆசாமி இல்லையா? உங்களுக்கு ஒரே ஒரு பாடம் போதும். ரகசியமான கடிதமோ, சம்பளப் பட்டியலோ, எதுவாக இருந்தாலும் பூட்டிய ஃபோல்டருக்குள்ளேயே அதைப் பிறக்க வையுங்கள். தவறி வெளியே பிறந்துவிட்டால் கட் - பேஸ்ட் வேண்டாம். காப்பி செய்து உள்ளே போட்டுவிட்டு, வெளியே இருக்கும் பழசை அழித்துவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஆபீஸில் யாராவது, 'நான் ஒண்ணும் பண்ணலை சார், க்ளிக் பண்ணேன், தொறந்துச்சு' என்று சொன்னால், மெமோ டைப் செய்வதற்கு முன் அந்த ஃபைலின் சொந்த ஊர் எது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். ஃபைல்கள் பொய் சொல்வதில்லை. கேட்டால் சொல்லும்.